தண்ணீர்ப் பம்ப்புக்குக் கொடுத்த விலை

பினாங்கில் ஓடுகிற எந்தக் காரின் நோயும் சந்தியாகுவுக்குத் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் சந்தியாகுவேதான். ஆனாலும் அதில் பாதி உண்மை. மற்றப் பாதியால் வந்த வினையைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து படகுத்துறை ஜெட்டியில் மூட்டை தூக்கியவர். மகனுக்கு மூட்டை பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார வக்கீல் வீட்டில் கார் கழுவும் வேலைக்குப் போய், கழுவிய காரையே ஓட்டவும் கற்றுக்கொண்டார். வெள்ளைச் சட்டை, தொப்பி, பளபளக்கும் சப்பாத்து என்று டத்தோ கிராமட் ரோட்டில் அவர் நடந்து போனால் வக்கீலே போகிறார் என்று நினைப்பவர்களும் உண்டு. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மற்றவர்கள் சாமியாருக்குத் தோத்திரம் சொல்லப் போவார்கள். இவர் வெளியே நிற்கிற கார்களின் பானெட்டில் காதை வைத்துப் பார்ப்பார். தன் காரின் பானெட்டைத் திறந்து வேறொருவன் தலையை உள்ளே விட்டால் மட்டும் பொறுக்காது. "எங்காருக்கு நாந்தான்லா டாக்டரு" என்பார்.

குண்டு விழுந்த டிசம்பரில் வக்கீல் கப்பலேறிவிட்டார். கார் நின்ற இடத்தில் நின்றது. வந்த ஜப்பான்காரர்கள் காரை எடுத்துக்கொண்டபோது, சாவியோடு சேர்த்து டிரைவரையும் எடுத்துக்கொண்டார்கள். உணவுக் கிடங்குகளைப் பார்க்கிற ஒரு ஜப்பான் துரைக்குச் சந்தியாகு சாரதியானார். பாலிக் புலாவ் பக்கத்து வயல்களில் நெல் எவ்வளவு விளைந்தது, எவ்வளவு ஒளித்தார்கள் என்று பார்க்க அந்தத் துரை வாரம் தவறாமல் மலை தாண்டிப் போவார்.

பெட்ரோல் பட்டாளத்துக்கே போதவில்லை. அதனால் காரின் பின்னால் ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்தி, கரி எரித்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். கரி போட ஓர் ஆள் வேண்டும். சந்தியாகு தன் மைத்துனன் சவரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி ரோசம்மாவின் ஒரே தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். சண்டைக்கு முன்னால் அச்சகத்தில் எழுத்துக் கோத்த விரல்கள் இப்போது கரி பிடித்துக் கிடந்தன. அதற்கு அவன் அலுத்துக்கொண்டதே இல்லை.

அலுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? கரி போடுகிறவனுக்கும் கையில் கட்ட ஒரு பட்டை கிடைத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து, அடியில் முத்திரை. அந்தக் கைப்பட்டைதான் அன்றைக்கு உயிர். சயாமில் ரயில் போடுவதற்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. முதலில் தோட்டங்களில் பிடித்தார்கள், பிறகு டவுனுக்குள்ளேயே லாரி வந்தது. போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. பட்டை கட்டியவன்மேல் லாரிக்காரன் கை வைக்க மாட்டான். சந்தியாகு வீட்டில் இரண்டு ஆண்கள், இரண்டு பட்டைகள். இரண்டும் அந்தக் கார் ஓடுகிற வரைக்கும்தான்.

சவரிக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. பெண் ஐரீன், கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றுமுறை வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கென்று ரோசம்மா ஒரு கண்ணாடிப் போத்தலில் விரலி மஞ்சள் சேர்த்து வைத்திருந்தாள். இந்தியாவிலிருந்து கப்பல் வராத நாளில் மஞ்சளுக்கு எங்கே போவது? கடைத்தெருவில் யார் காலையெல்லாமோ பிடித்து வாங்கியது. மரவள்ளிக் கிழங்கை மஞ்சள் இல்லாமலே வேகவைத்தாள். அந்தப் போத்தலை மட்டும் தொடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காரின் தண்ணீர்ப் பம்ப் ஒழுக ஆரம்பித்தது.

எஞ்சின் கொதிக்காமல் இருக்க, ரேடியேட்டர் தண்ணீரை அதைச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருக்கிற சாமான் அது. அதன் தண்டைச் சுற்றி, கசியாமல் இருக்கக் கொழுப்பில் ஊறிய ஒரு நூல்கயிறு சுற்றியிருக்கும். கயிறு தேய்ந்துவிட்டது. பழைய நாளில் ஒரு காசுக்குப் பெறாத கயிறு. இப்போது சிவப்பு எழுத்து முத்திரை இல்லாமல் அதுவும் கிடைக்காது. முத்திரை கேட்டால், கார் கெட்டுப்போனது துரைக்குத் தெரிந்துவிடும்.

ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்பது நம் டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். சந்தியாகு ரோசம்மாவிடம் கேட்டார். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரே ஒரு விரலை எடுத்து இடித்துக் கொடுத்தாள். போட்டார். சொட்டு குறைந்தது. உடனே டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விரலுக்கே இவ்வளவு என்றால் இன்னும் நாலைந்து விரல் போட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று நினைத்தார். ரோசம்மா கிழங்கு வாங்கக் கியூவில் நிற்கப் போன நேரம் பார்த்து, போத்தலில் இருந்ததை எல்லாம் இடித்து ரேடியேட்டரில் கரைத்துவிட்டு, காலிப் போத்தலைத் துணியில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். கல்யாணத்துக்குள் வேறு வாங்கி வைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

சொட்டு நின்றுவிட்டது. சவரியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா மாப்ளே? ஒர்க்ஷாப்புக்குப் போயிருந்தா பம்ப்பக் கழட்டிப் போட்டுட்டு முழிச்சிருப்பானுங்க."

அடுத்த வாரம் பாலிக் புலாவ் மலையில், பாதி ஏற்றத்தில், கார் கொதித்தது. பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறியது. சந்தியாகு துணியைச் சுற்றி மூடியைத் திறந்தால் தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் கொதிக்கிறது. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கிளப்பினார். மறுபடி கொதித்தது. துரை இறங்கி ரோட்டோரமாக நின்றார். அதட்டவில்லை, அறையவில்லை. அறைந்திருந்தால்கூடச் சந்தியாகுவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் காரைத் தள்ளித் திருப்பி இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆபீஸ் வாசலில் துரை இரண்டு விரல்களைக் காட்டினார்.

"துவா ஹாரி."

பிறகு சந்தியாகுவின் கைப்பட்டையைத் தொட்டுக் காட்டினார். சவரியின் பட்டையையும் காட்டினார். இரண்டையும் உருவி எறிவது போலக் கையை வீசினார். இரண்டு நாளில் கார் ஓட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சயாம். பாஷை தெரியாதவனுக்கும் அது புரியும்.

சுங்கை பினாங்கு ஓரத்தில் அலாவுதீன் ஒரு பட்டறை வைத்திருந்தான். அந்தப் பட்டறை வாசலைச் சந்தியாகு அதுவரை மிதித்ததில்லை. அன்று மாலையே காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அலாவுதீன் ரேடியேட்டரின் மேலே கையை வைத்தான், சுட்டது. அடியில் வைத்தான், சில்லென்று இருந்தது.

"தண்ணி சுத்தல அண்ணே. ஒண்ணு, பம்ப்பு உள்ள இறக்கை ஒடைஞ்சிருக்கணும். இல்ல, ரேடியேட்டரு அடைச்சிருக்கணும். உள்ள ஏதாச்சும் போட்டீங்களா?"

சந்தியாகு அவனைப் பார்த்தார். பக்கத்தில் சவரி நிற்கிறான். அவனுடைய கல்யாண மஞ்சள். துரையின் காரில் கண்டதைக் கொட்டினேன் என்று நாலு பேர் காதில் விழுந்தால் வேண்டுமென்றே கெடுத்தான் என்று கழுத்துப் போகும். இந்தப் பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது: இத்தனை வருஷம் டாக்டர் என்று சொல்லிவிட்டு இந்தச் சின்னப் பயல் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

"நான் என்னத்தப் போடப் போறேன்? தண்ணிதான்" என்றார்.

"அப்ப பம்ப்புதான். வேற பம்ப்பு கொண்டாங்க, மாட்டித் தர்றேன். இருக்கிறதக் கழட்டினா மறுபடி மாட்டக் கயிறு இல்ல. அதனால புதுசு கைக்கு வந்தப்புறம்தான் கை வைப்பேன்."

அதே மாதிரிக் கார் பினாங்கில் இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. கிரீன் லேன் பக்கத்தில் குடியிருந்த பரமநாதனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கார்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது மனிதர் அலாவுதீனை வைத்தே தண்ணீர்ப் பம்ப்பைக் கழற்றி ஒளித்து வைத்துக்கொண்டார். ஓடாத காரை யார் எடுப்பார்கள் என்ற நினைப்பு. அவர்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பம்ப் மட்டும் அரிசிப் பானைக்குள் மிச்சமிருந்தது. அரிசி இல்லாததால் அதற்கு இடம் தாராளமாக இருந்தது.

மறுநாள் காலையில் சந்தியாகு அவர் வீட்டில் போய் நின்றார். தன்னிடம் இருந்த சட்டைப்பைக் கடிகாரம், ரோசம்மாவின் கம்மல் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோயிருந்தார். பரமநாதன் முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

"இரும் தம்பி. நான் உம்மட்டைப் பவுன் கேக்கேல்லை. என்ர மோன் நாகநாதன்ர பேர் சயாம் லிஸ்ட்டிலை வந்திட்டுது. வெள்ளிக்கிழமை வரச்சொல்லி இருக்கினம். உம்மட காரிலை கரி போடுற ஆளுக்கு ஒரு பட்டை இருக்கெல்லோ? அதை என்ர பெடியனுக்குத் தாரும். பம்ப்பைக் கொண்டுபோம்."

"ஐயா, அது எம் மச்சினன். என் சம்சாரத்துக்கு ஒரே தம்பி."

"எனக்கும் ஒரே மோன்தான்."

அவருடைய மனைவி யோகம்மா சீனியில்லாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"எங்களைப் பாவியள் எண்டு நினையாதையுங்கோ. நாங்கள் வேறை ஆரிட்டைப் போறது?"

சந்தியாகு தேத்தண்ணியைத் தொடவில்லை. அந்த வீட்டில் ஒருவரைத் திட்டிவிட்டு எழுந்து வரலாம் என்று பார்த்தால், திட்ட ஆள் இல்லை. அவர்களும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து திண்டாடிக்கொண்டிருந்தவரைச் சவரியே துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டான். கேட்டதும் ரோசம்மா இரண்டு கையாலும் அவன் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். சவரி அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

"யோசிச்சுப் பாருக்கா. காரு நின்னா ரெண்டு பட்டையும் போவுது. அத்தானும் போவாரு, நானும் போவேன். குடுத்தா ஒண்ணாச்சும் நிக்கும். நான் அக்கரைக்குப் போயி கெப்பாலா பத்தாஸ்ல இருந்துக்கிறேன். முன்ன நம்ம பக்கத்து வீட்டுல இருந்த சலேஹா அக்கா வயல்ல ஆள் வேணும்னு போன மாசங்கூடச் சொன்னாங்க. அங்க யாரு வந்து தேடப் போறா? கொஞ்ச நாள்தானே. வந்து கல்யாணம் கட்டிக்கிறேன்."

"வேணாந்தம்பி."

"அந்த மஞ்சப் போத்தல மட்டும் பத்திரமா வச்சுக்க" என்று சிரித்தான்.

சந்தியாகு கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். மஞ்சளைப் போட்டேன், ஒருவேளை அதுவாகக்கூட இருக்கும் என்று ஒரு வார்த்தை. மனசுக்குள் அந்தச் சந்தேகம் எட்டிப் பார்க்காமல் இல்லை. பம்ப்தான், பம்ப்தான் என்று அதை அமுக்கிவிட்டார். மெக்கானிக்கே சொன்னானே என்று சாட்சிக்கு அவனையும் சேர்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே ஆபீஸ் கிராணியிடம் போய்ச் சவரியின் பெயரை எடுத்துவிட்டு நாகநாதனின் பெயரைப் போட்டு முத்திரை வாங்கினார்கள். மாலையில் பம்ப் பட்டறைக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அலாவுதீன் பழைய பம்ப்பைக் கழற்றினான். துணியால் துடைத்து, உள்ளே பார்த்தான். இறக்கையை விரலால் சுற்றினான். அது நன்றாகவே சுற்றியது.

"அண்ணே, இது ஒடையலையே."

சந்தியாகு பழைய பம்ப்பை அவன் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். "அதெல்லாம் தேய்ஞ்சிருக்கும். நீ புதுச மாட்டு" என்றார்.

அலாவுதீன் புதியதை மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு ரிக்ஷாக்காரன் ஓடிவந்தான். படகு ஏறப்போன சவரியை ஜெட்டியிலேயே பிடித்துவிட்டார்கள். கையில் பட்டை இல்லாத வாலிபன் என்று வரிசையிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அக்கரையில் பிறை ரயில் ஸ்டேஷன் கொட்டகையில் அடைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் சயாம்.

சந்தியாகு தொப்பியில்லாமல் ஆபீசுக்கு ஓடினார். முதன்முதலாக டத்தோ கிராமட் ரோடு அவரைத் தொப்பியில்லாமல் பார்த்தது. துரையின் முன்னால் போய்க் குனிந்தார், குனிந்தபடியே நின்றார். ஆபீஸ் கிராணி மொழிபெயர்த்தான். துரை கேட்டது ஒன்றுதான்: கார் எங்கே?

வெளியே வந்ததும் கிராணி அவர் தோளைப் பிடித்தான். "ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா அங்க விட்டுருவாங்கண்ணே. அவுரு மனசு வச்சா நடக்கும். நாளைக்கு அவர மலை தாண்டிக் கூட்டிட்டுப் போங்க. நல்ல மூட்ல இருப்பாரு. அப்ப கேளுங்க."

அன்றிரவு வீட்டில் யாரும் படுக்கவில்லை. ஐரீன் வந்து ரோசம்மாவின் மடியில் கிடந்தாள். ஒரு காரியம்தான் மிச்சம்: கார் மலை ஏற வேண்டும். ஏறினால் சவரி வருவான். சந்தியாகு அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார், மாதாவுக்கு நேர்ந்துகொண்டார், யாரும் கேட்காத புனிதர்களுக்கும் நேர்ந்துகொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும், துரையை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று மலைக்குப் போனார். பின்னால் நாகநாதன் இருமிக்கொண்டே கரி போட்டான். அலாவுதீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முதல் வளைவு. இரண்டாம் வளைவு. அதே இடத்தில், அதே சீறலோடு, கார் கொதித்தது.

சந்தியாகு ஸ்டியரிங்கில் தலையை மோதிக்கொண்டு அழுதார். அலாவுதீன் இறங்கினான். ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றிவிட்டான். கொட்ட வேண்டிய தண்ணீர் கொட்டவில்லை, சொட்டியது. ஒரு கம்பியை உள்ளே விட்டுக் கிண்டினான். கம்பியின் நுனியில் பிசினாக, களிமண் பதத்தில், மஞ்சள் வந்தது. வெந்த மஞ்சளின் வாசம் ரோடெல்லாம் அடித்தது.

"அண்ணை, உது மஞ்சளெல்லோ?" என்று நாகநாதன் கேட்டான். "ஆர் உதுக்குள்ளை போட்டது?"

அலாவுதீன் கேட்கவில்லை. கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு சந்தியாகுவின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கேட்டேனே அண்ணே" என்றான். "போட்டீங்களான்னு கேட்டேனே. சாம்பத் தண்ணியக் கொதிக்க வச்சு நாலு தரம் கழுவியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பழைய பம்ப்பே ஓடியிருக்கும். பம்ப்பே தேவையில்லண்ணே."

சந்தியாகு காரை விட்டு இறங்கி ஓடினார். எங்கே ஓடுவது? மலையில் பாதி தூரம். திரும்பி வந்து, "கழுவு, இப்பவே கழுவு" என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

காரை உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வருவதற்கே வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அடுப்புச் சாம்பலைக் கரைத்துக் கொதிக்கவைத்து ஊற்றினார்கள். மஞ்சள் தண்ணீர் வந்தது. மறுபடி ஊற்றினார்கள். கொதிக்கிற தண்ணீருக்குள் சந்தியாகு வெறுங்கையை விட்டு வழித்தார். தண்ணீர் தெளிய வேண்டும், ரயில் நிற்க வேண்டும், இரண்டும் தன் கையில் இருப்பது போல வழித்தார். கடைசியில் குழாயிலிருந்து தெளிந்த தண்ணீர் தடதடவென்று கொட்டியது.

துரையை ஏற்றிக்கொண்டு மலை ஏறினார். கார் முனகவே இல்லை. அந்தக் கார் அவ்வளவு நன்றாக ஓடி அவர் பார்த்ததில்லை. உச்சியில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, ரோட்டிலேயே முழங்காலிட்டார். தெரிந்த மலாயில், சவரியின் பெயரையும் பிறை ஸ்டேஷனையும் திரும்பத் திரும்பச் சொன்னார். துரை கடிகாரத்தைப் பார்த்தார். அன்று நல்ல மூடில்தான் இருந்தார். சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. ரயில் போய்விட்டது என்று கையால் வடக்கே காட்டிவிட்டு, காரின் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, "பாகுஸ்" என்றார். நல்ல கார்.

வீட்டு வாசலில் ரோசம்மா நின்றுகொண்டிருந்தாள். சவரி போன செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டது. அழுது ஓய்ந்த முகம். சந்தியாகு சைக்கிளை விட்டு இறங்கினார். பட்டறையில் எவ்வளவு தேய்த்தும் மஞ்சள் கறை போகாத உள்ளங்கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"என்னங்க, காரு ஓடுதா?"

"ஓடுது."

"மலை ஏறுச்சா?"

"ஏறுச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி. எந்தம்பி போனது வீண் போகல."

சவரி திரும்பி வரவில்லை. போத்தல் காலியாக இருந்ததை ரோசம்மா கேட்டபோது, மஞ்சளைக் கிழங்குக்கு மாற்றிவிட்டேன் என்றார் சந்தியாகு. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் மறுபடி வந்தான், சந்தியாகு டாக்சி ஓட்டினார். பழுது என்றால் நேரே பட்டறைக்குப் போய்விடுவார். பானெட்டைத் தானாகத் திறக்கவே மாட்டார். ஆத்துமாக்கள் திருநாளில் தம்பிக்கு மெழுகுவர்த்தி கொளுத்தும்போதெல்லாம் ரோசம்மா பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்வாள், அந்தப் பம்ப் கிடைக்காவிட்டால் இவரும் போயிருப்பார், எந்தம்பி தன்னைக் கொடுத்து இவரைக் காப்பாற்றினான் என்று. சந்தியாகு ஒவ்வொரு வருஷமும் ஆமாம் என்று தலையாட்டினார்.